முன்வருமா என்று கேட்காதீர்கள், கணக்குக் கேளுங்கள்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேருக்கும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்று பிரிக்காமல் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வணக்கம்.

கேள்வி நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல், அதாவது நீங்கள் கேட்க அமைச்சர்கள் பதில் சொல்லும் அந்த ஒரு மணி நேரம். 2022 முதல் அது நேரலையில் வருவதால் முடிந்தவரை விடாமல் பார்க்கிறேன், பார்க்கப் பார்க்க ஆதங்கம் கூடிக்கொண்டே போகிறது. வீட்டில் சொல்லிப் புலம்பி என்ன ஆகப்போகிறது, கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர்கள் நீங்கள், உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் இருக்கின்றன. இன்ன தொகுதி, இன்ன ஊராட்சியில் துணை சுகாதார நிலையம் அமைக்க அரசு முன்வருமா? இன்ன ஊரில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட அரசு ஆவன செய்யுமா? அமைச்சர் எழுந்து, அப்படியொரு கருத்துரு தற்போது அரசிடம் இல்லை என்பார், அல்லது நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும் என்பார். அப்புறம் துணைக் கேள்வி. முதலில் தலைவருக்கு நாலு வரி நன்றி, அமைச்சருக்கு ரெண்டு வரி பாராட்டு, பிறகு அதே கோரிக்கை இன்னும் கொஞ்சம் உருக்கமாக. பேரவைத் தலைவர் "கேள்விக்கு வாங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2021-ல் முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலினே தன் கட்சி உறுப்பினர்களிடம், அவையில் என்னைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள், மீறினால் நடவடிக்கை எடுப்பேன் என்று சொன்னார். அதற்குப் பிறகும் பழக்கம் போகவில்லை.

தொகுதிக்காகக் கேட்பதைத் தப்பு என்று சொல்லவில்லை. பாலம் இல்லாமல் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போகும் ஊர்க்காரர்கள் உங்களிடம் வந்து நின்றால் நீங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் அதற்கு வேறு வழிகள் நிறைய இருக்கின்றன. அமைச்சரை நேரில் பார்த்து மனு கொடுக்கலாம், துறைவாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம், சின்ன வேலையாக இருந்தால் உங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியிலேயே செய்துவிடலாம். ஒரு அமைச்சரை நிறுத்தி, நீ செய்ததற்குக் கணக்குச் சொல் என்று கேட்கும் இடம் மட்டும் அவ்வளவு எளிதில் கிடைக்காது. அமைச்சரவை முழுவதும் சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று அரசமைப்புச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு சொல்கிறதே, அந்தப் பொறுப்பு நடைமுறையில் தெரிய வேண்டிய நேரம் இதுதான். இதைக் கோரிக்கை மனுவாக மாற்றிக்கொண்டால் அமைச்சர் கொடுப்பவராகவும் நீங்கள் கேட்டு வாங்குபவராகவும் ஆகிவிடுகிறீர்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பது அவரிடம் கணக்குக் கேட்க.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன், அதனால் உங்கள் கேள்வி உள்ளே வந்ததும் என்ன ஆகிறது என்று தெரியும். சட்டமன்றக் கேள்வி என்று ஒரு தாள் வந்தால் மற்ற வேலையெல்லாம் ஓரம் போகும். தலைமைச் செயலகத்திலிருந்து துறைத் தலைமைக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து வட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் என்று வரும், எல்லா இடத்திலும் அன்றைக்கே பதில் வேண்டும் என்பார்கள். அவையில் வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்தால் உரிமை மீறல் ஆகும் என்பதால் ஒவ்வொரு எண்ணையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்போம். வருடக்கணக்கில் தூங்கிய கோப்பு ஒரே நாளில் எழுந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் இப்படி நடக்காது. "அமைக்க முன்வருமா" என்று கேட்டால் கீழே யாரும் எதையும் எண்ண வேண்டியதில்லை. கருத்துரு இல்லை என்று ஒரு வரி, முடிந்தது. அதே இடத்தில், இந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடம் எத்தனை, இன்றைக்கு ஆள் இருப்பது எத்தனை, காலியாக இருப்பவை எந்தத் தேதியிலிருந்து காலி என்று கேட்டுப் பாருங்கள். பதிவேட்டைத் திறக்காமல் பதில் எழுத முடியாது. திறந்தால் தெரிந்துவிடும், மாற்றுப்பணி என்று போனவர் திரும்பி வரவே இல்லை, சம்பளம் மட்டும் இந்த ஊர்க் கணக்கில் போகிறது என்பதெல்லாம். அவைக்குப் போகப்போகிற எண் என்றால் மேலதிகாரி அதை அப்படியே விட்டுவைக்க மாட்டார். கேள்வி அவையில் எடுக்கப்படும் முன்பே பாதி வேலை நடந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலோடு சேர்த்து, உறுப்பினர் என்ன துணைக் கேள்வி கேட்கக்கூடும் என்று யோசித்து அமைச்சருக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு தயாரிப்போம். எங்கே ஓட்டை இருக்கிறது என்று எங்களுக்குத்தான் தெரியுமே. திட்ட மதிப்பீடு ஏன் கூடியது, ஒப்பந்ததாரருக்கு ஏன் கால நீட்டிப்பு கொடுத்தோம், ஏன் அபராதம் போடவில்லை என்று எங்களைத் தூங்கவிடாத விஷயங்களை எல்லாம் நாங்களே கேள்வியாக எழுதி, நாங்களே பதிலும் எழுதுவோம். அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் மேலதிகாரி "ஒண்ணும் கேக்கலப்பா" என்பார். அன்றைக்கு எங்களுக்கு நிம்மதியாக இருக்கும். இப்போது ஓய்வு பெற்று, சாதாரண ஆளாக நேரலையைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. நாங்கள் பயந்து பயந்து தயாரித்த கேள்விகளைக் கேட்க 234 பேரில் ஒருவர்கூட எழவில்லையே.

அத்திக்கடவு - அவினாசி திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொங்குப் பகுதி மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்ட திட்டம், அதற்காக அவையில் எத்தனை "முன்வருமா" எழுந்திருக்கும்! 2019-ல் எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் மு.க.ஸ்டாலின் ஆட்சியில் பயன்பாட்டுக்கு வந்தது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றின் உபரி நீரில் 1.5 டிஎம்சியை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளில் கொண்டுபோய் விடுவது திட்டம். இதை யார் கொண்டுவந்தது, யார் தாமதப்படுத்தியது என்று இரண்டு கட்சிக்காரர்களும் மாற்றி மாற்றிப் பேசிவிட்டீர்கள். எனக்கு வேண்டியது வேறு. போன வருடம் எத்தனை நாள் நீரேற்றினார்கள்? 1,045-ல் எத்தனைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது? சேராத குளங்களின் பெயர் என்ன, எதனால் சேரவில்லை? ஒரு வருட மின்செலவு எவ்வளவு? குழாய் உடைந்தால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது? குளத்தின் பெயரோடு பதில் வாங்கிக் கொடுங்கள், போதும். தண்ணீர் வந்ததா இல்லையா என்று அந்தந்த ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பேரவை விதி 110-ன் கீழ் முதல்வர் படிக்கும் அறிவிப்புகளும் அப்படித்தான். ஜெயலலிதா காலத்தில் அது எவ்வளவு பிரபலமானது என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்குப் பின் வந்தவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். அந்த விதியின் கீழ் அறிக்கை படித்தால் அதன் மேல் விவாதம் கிடையாது, மேசையைத் தட்டுவதோடு சரி. மானியக் கோரிக்கையில் அமைச்சர்கள் வாசிக்கும் புதிய அறிவிப்புகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ன தேதியில் அறிவித்தீர்கள், அரசாணை எந்தத் தேதியில் வந்தது, இதுவரை விடுவித்த தொகை எவ்வளவு, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று பிறகு ஒருநாள் கேட்பதற்கு உங்களிடம் இருப்பது கேள்வி நேரம்தான். தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையைப் பல நேரம் கூட்டத்தொடரின் கடைசி நாளில்தான் தாக்கல் செய்கிறார்கள், அன்றைக்கு அதை யார் படிக்க முடியும்? சரி, அடுத்த கூட்டத்தொடர் வருமே, அதற்குள் படித்து அதிலிருந்து கேள்வி எழுதலாமே.

ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் அமைச்சரை நாமே சங்கடப்படுத்தலாமா என்று தயங்குவீர்கள், புரிகிறது. 1957-ல் நாடாளுமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய விவகாரம் மக்களவையில் கேட்ட கேள்விகளிலிருந்துதான் கிளம்பியது. அதை விடாமல் துரத்தியவர் பெரோஸ் காந்தி, ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். பதில் சொல்ல வேண்டியிருந்த நிதியமைச்சர் நம் ஊர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. நீதிபதி சாக்ளா விசாரித்தார், 1958-ல் டி.டி.கே. பதவி விலகினார். அதனால் காங்கிரஸ் கட்சி கவிழ்ந்துவிடவில்லை, 1962 தேர்தலிலும் அதுதான் ஜெயித்தது.

எதிர்க்கட்சிக்காரர்களே, வெளிநடப்பு உங்கள் உரிமை, சில நேரம் அது தேவையும்கூட. ஆனால் கேள்வி நேரம் முடிந்து, அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரத்தில் செய்யுங்கள். எழுந்து போய்விட்டால் அன்றைக்கு ஒரு அமைச்சர் பதில் சொல்லாமல் தப்பித்தார் என்பதுதான் மிச்சம். 1892 வரைக்கும் சென்னை மாகாண சபையில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கவே முடியாது, 1909-க்கு அப்புறம்தான் துணைக் கேள்வி. அந்த உரிமையைத்தான் விட்டுவிட்டு வெளியே வருகிறீர்கள்.

பொதுமக்களாகிய நாங்களே இந்தத் தகவலையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம் என்று காலம் ஓடும். 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் எட்டாவது பிரிவில், நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த ஒரு ஆளுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. உங்களையும் எங்களையும் ஒரே தட்டில் வைத்த வரி அது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த இடத்தைத் திருத்தி எழுதியதில் அது போய்விட்டது. எங்கள் கதவு குறுகிவிட்டது, உங்கள் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்.

பேரவைத் தலைவருக்கும் செயலகத்துக்கும் வேண்டுகோள் உண்டு. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு வாய்மொழியாகவும் 230 கேள்விகளுக்கு எழுத்து மூலமாகவும் பதில் தருகிறார்கள், உறுப்பினர் பெயர், துறை, தேதி என்று எதை வைத்துத் தேடினாலும் இணையத்தில் கிடைக்கிறது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு டெல்லியில் வந்த பதிலைப் படிக்க முடிகிறது, சென்னையில் வந்த பதிலை அதே அளவு எளிதாகத் தேட முடிவதில்லை. எழுத்து மூலம் தரும் பதில்களையும் தமிழில், தேடக்கூடிய எழுத்தாக அன்றைக்கே வெளியிடுங்கள். கூடவே "ஆவன செய்யப்படும்" என்று அமைச்சர்கள் சொன்னவற்றின் பட்டியலும் வேண்டும். அதைப் பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வும் செய்கிறது. எந்தத் துறையில் எத்தனை உறுதிமொழி எத்தனை வருடமாக நிலுவையில் நிற்கிறது என்று ஊர் பார்க்கும்படி வைத்தால் அந்தக் குழுவுக்கே பலம்.

நாட்கள் போதவில்லை என்பதும் உண்மை. ஆண்டுக்கு 100 நாளாவது பேரவையைக் கூட்டுவோம் என்று 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்தது, அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அதற்கு முன்பு அதிமுக ஆட்சியிலும் கூடிய நாட்கள் குறைவுதான். கூடுகிற நாளே கொஞ்சம் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் பாராட்டுக்கு எங்கே இடம்?

அடுத்த கூட்டத்தொடருக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கும்போது ஆளுக்கு ஒன்றாவது எத்தனை, எவ்வளவு, எந்தத் தேதியில், ஏன் இன்னும் முடியவில்லை என்று கேளுங்கள். கேட்டதையும் வந்த பதிலையும் உங்கள் தொகுதி அலுவலக வாசலில் ஒட்டி வையுங்கள். எப்படி எழுதினால் அதிகாரிகள் நழுவ முடியாது என்று தெரியாவிட்டால் எங்களைப் போல ஓய்வு பெற்ற ஊழியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம், கூப்பிடுங்கள், வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பதில் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவன்