சைபீரியாவிலிருந்து முட்டையிட வரும் பறவை எது, ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் வேடந்தாங்கல் படம் ஒன்று வந்திருந்தது. படம் நன்றாகவே இருந்தது. அதன் கீழே இருந்த வரிதான் அன்றைய பொழுதைக் கெடுத்துவிட்டது. "சைபீரியா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து இனப்பெருக்கத்துக்காக வந்த பறவைகள், குஞ்சுகளுடன் தாயகம் திரும்பத் தொடங்கின." சைபீரியா ஒரு நாடு அல்ல என்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அவசரத்தில் விட்டிருப்பீர்கள். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

படத்தில் இருந்தது மஞ்சள்மூக்கு நாரை. சைபீரியா எந்தத் திசையில் இருக்கிறது என்றே அதற்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால் வரும். குஞ்சுக்கு மீன் கிடைக்கும்வரை இருக்கும். அப்புறம் தண்ணீர் இருக்கிற வேறு மாவட்டத்துக்கோ பக்கத்து மாநிலத்துக்கோ போகும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், அங்கே கூடு கட்டுகிற எல்லாமே நம்முடையவைதான். பாஸ்போர்ட் கேட்டால் திருதிருவென்று விழிக்கும்.

உண்மையிலேயே வடக்கேயிருந்து வருகிறவையும் உண்டு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, சேற்றில் இரை பொறுக்குகிற சின்னச் சின்ன உள்ளான்கள். அவை இங்கே ஒரு முட்டைகூட இடுவதில்லை. இரை தேடத்தான் இங்கே வருகின்றன. கூடும் குஞ்சும் அங்கே. நீங்கள் இரண்டையும் கலந்து, முட்டையிடுகிறவனை வெளிநாட்டான் ஆக்கி, வெளிநாட்டிலிருந்து வந்தவனைப் படத்திலேயே சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

இதில் என்ன பெரிய குற்றம் என்று நினைக்கலாம். என் பேத்தியின் பள்ளியில் வினாடி வினா நடந்தது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேள்வி. நான் சொல்லிக் கொடுத்ததை நம்பி, "பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள்" என்று எழுதியிருக்கிறாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். ஆதாரமாக ஆசிரியை காட்டியது ஒரு நாளிதழின் நறுக்கு. எந்த நாளிதழ் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாத்தா பொய் சொல்லுவார், அச்சில் வந்தது பொய் சொல்லாது என்பது இப்போது எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். நிறைய இருக்கிறது. விருந்தாளி என்று சொல்லிவிட்டால் நம் பொறுப்பு பாதி குறைந்துவிடுகிறது. ஓர் ஆண்டு கூடுகள் குறைந்தால், "இந்த ஆண்டு வெளிநாட்டுப் பறவைகள் வரத்து குறைவு" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஏரிக்கு வருகிற கால்வாய் என்ன ஆயிற்று, சுற்றியிருக்கிற சின்ன ஏரிகளில் மீன் இருக்கிறதா, யாரும் கேட்க வேண்டாம். சைபீரியாக்காரன் வரவில்லை, நாம் என்ன செய்ய முடியும்! வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் இப்படி நினைத்திருந்தால் 1798லேயே கதை முடிந்திருக்கும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கம்பெனி கலெக்டரிடம் போய் நின்று, சுடக்கூடாது என்று எழுதி வாங்கியவர்கள் அவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். பறவை ஆராய்ச்சி எதுவும் படிக்காதவர்கள்.

படத்துக்கு வருகிறேன். கூட்டுக்கு அவ்வளவு நெருக்கத்தில் எப்படி எடுத்தார் உங்கள் புகைப்படக்காரர்? கேட்கக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரியில் அதே கரையில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயில். ஒரு நாரை கூட்டின் விளிம்பில் இறக்கையை அகல விரித்து, அசையாமல், குஞ்சுகளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. ஜோடிப் பறவை வந்து குஞ்சுகளின் மேல் வாயிலிருந்து தண்ணீரைச் சொரிந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள், மூன்றும் மூன்று அளவு. முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் அவை ஒரே நாளில் பொரிப்பதில்லை. மீன் தாராளமாகக் கிடைக்கும் ஆண்டில் மூன்றும் தேறும். இல்லையென்றால் கடைக்குட்டிதான் முதலில் போகும். ஏரியின் கணக்கு அந்தக் கடைக்குட்டியின் வயிற்றில் எழுதியிருக்கும்.

அப்போது பறக்கிற படம் வேண்டும் என்று ஒருவர் கைதட்டினார். அசையவில்லை. கல்லை எடுத்து எறிந்தார். கரையோர மரங்களில் இருந்தவை மொத்தமாக எழும்பின. அவருக்குப் படம் கிடைத்தது. நாரைகள் ஒரு சுற்று சுற்றித் திரும்புவதற்குள் எங்கிருந்தோ இரண்டு காகங்கள் இறங்கின. ஒன்று அலகில் முட்டையோடு கரைக்கே வந்து, எனக்குப் பத்தடி தூரத்தில் வைத்து உடைத்துக் குடித்தது. வெளிறிப்போன வெள்ளை ஓடு, உட்பக்கம் லேசான பச்சை. படம் எடுத்தவர் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பத்திரிகையில் கூட்டுப் படம் பார்த்தால் எனக்கு அந்த ஓடுதான் நினைவுக்கு வருகிறது. உங்களவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து அடுத்த ஞாயிறு கிளம்புகிறவர்கள் எல்லாரும்?

சரி, வெளிநாட்டுப் பறவை பற்றித்தான் எழுத வேண்டும் என்றால் எழுதுங்களேன், யார் வேண்டாம் என்றது? கோடியக்கரையில் பறவைகளின் காலில் அடையாள வளையமிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வளைமூக்கு உள்ளான் ஒன்று. ஒரு கோழி முட்டை எடைதான் இருக்கும். அது முட்டையிடுவது சைபீரியாவின் வட கோடியில், ஆர்க்டிக் கடலை ஒட்டிய தூந்திரத்தில். ஆண் பறவை அடைகாக்காது. ஜோடி சேர்ந்த கொஞ்ச நாளில் தெற்கே கிளம்பிவிடும். தாயும் குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்த கையோடு போய்விடும். மிஞ்சுவது அந்த ஆண்டுக் குஞ்சுகள் மட்டும். வழிகாட்ட யாரும் இல்லாமல், முன்னே பின்னே பார்த்திராத நம் சேற்றுக் கரைக்கு அவை தாமாக வந்து சேரும். "குஞ்சுகளுடன் தாயகம் திரும்பத் தொடங்கின" என்று எழுதிய கைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? குடும்பத்தோடு ரயிலேறுகிற கதை அல்ல இது. முதல் ஆண்டுப் பறவைகளில் பல, கோடை வந்தாலும் வடக்கே போகாமல் தெற்குக் கரைகளிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆண்டு இளசுகள் நிறைய வரும், எந்த ஆண்டு வராது என்பது அங்கே இருக்கிற லெம்மிங் என்ற எலியைப் பொறுத்தது. லெம்மிங் பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரிகள் அதைத் தின்று வயிறு நிறைந்து உள்ளான் கூடுகளைச் சும்மா விடும். லெம்மிங் இல்லாத ஆண்டில் நரிக்கு முட்டையும் குஞ்சும்தான் சாப்பாடு. அப்படிப்பட்ட ஆண்டுக்குப் பின் இறகோரம் வெளிறிய இளம் பறவைகளை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். எங்கோ ஓர் எலி பெருகுவதும் குறைவதும் கோடியக்கரைச் சேற்றில் தெரிகிறது! இதற்கு உங்கள் நாளிதழில் இடம் இருந்ததே இல்லை. "வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன" என்று போட்டு உண்ணிக்கொக்கு படத்தை வெளியிடத்தான் இடம் இருந்தது. மாட்டுக்குப் பின்னாலேயே நடக்கிற கொக்கு, ஐயா.

பறவைக் காய்ச்சல் வந்தால் மட்டும் இந்த வெளிநாட்டுப் பறவைகள் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகின்றன. நோய் காட்டுப் பறவைகள் மூலமும் பரவுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று உலகைச் சுற்றுகிற எச்5என்1 கிருமியின் மூதாதை முதலில் பிடிபட்டது 1996ல், சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், பண்ணையில் வளர்த்த பெருவாத்து (கூஸ்) ஒன்றிடம். அதையும் ஒரு வரி சேர்த்திருந்தால் தலைப்பு சுவைக்காமல் போயிருக்குமோ என்னவோ.

இதையெல்லாம் நான் புதிதாகச் சொல்லவில்லை. இதே விஷயமாக முன்பு மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இரண்டு என்ன ஆயின என்று தெரியாது. மூன்றாவதைப் பெருந்தன்மையோடு வெளியிட்டீர்கள். இரண்டு பக்கக் கடிதத்தைச் சுருக்கி, "பறவைகள் சரணாலயம் குறித்த படம் அருமை. பாராட்டுகள்" என்று. எழுதியது நான்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த பருவத்தில் இதே செய்தி வரும்போது "வெளிநாடுகளிலிருந்து இனப்பெருக்கத்துக்காக" என்ற சொற்களை மட்டும் எடுத்துவிடுங்கள். முட்டையோ குஞ்சோ இருக்கிற கூட்டின் நெருக்கப் படம் வேண்டாம். முடிந்தால் திருத்தம் என்று நான்கு வரி, சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். பேத்தியின் ஆசிரியைக்குக் காட்டுவேன்.

இந்தக் கடிதத்தையும் சுருக்கத்தான் போகிறீர்கள் என்றால், "படம் நன்றாகவே இருந்தது" என்ற வரியை முதலில் வெட்டிவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்