லிஃப்ட் பழுதாகாத நூறு மாடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, வானளாவிய கட்டடம் கட்டி நிர்வகிக்கும் விளையாட்டுகளைப் 'பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கும் வேலை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. லிஃப்ட் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்தவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பெட்டியை யார் வேண்டுமானாலும் அடுக்கலாம். அடுக்கிய பெட்டிக்கு ஆள் போய்ச் சேர வேண்டாமா?

இந்த வகைக்கு முன்னோடி, ஜப்பானைச் சேர்ந்த யூட் சைட்டோ உருவாக்கி 1994இல் வந்த 'தி டவர்'. அமெரிக்காவில் மேக்சிஸ் நிறுவனம் அதைச் 'சிம்டவர்' என்று வெளியிட்டது. அலுவலகம், குடியிருப்பு, ஹோட்டல், உணவகம், திரையரங்கம் எல்லாம் வைத்து நூறு மாடி வரை எழுப்பலாம். ஆனால் ஆட்டக்காரரின் பிழைப்பு லிஃப்டில்தான் இருக்கிறது. காத்து நிற்பவர்கள் முதலில் கறுப்பு உருவமாகத் தெரிவார்கள். பொறுமை குறையக் குறைய இளஞ்சிவப்பு, பிறகு சிவப்பு. சிவப்பானவர்கள் பெருகினால் அலுவலகங்கள் காலியாகும், வாடகை நின்றுபோகும். வீடு வாங்கியவர்கள் வெளியேறினால், விற்ற பணத்தையே திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். நிஜக் கட்டடத்தில் இந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது. புகார்ப் புத்தகத்தில்தான் தெரியும்.

முழுக் கட்டடத்துக்கும் 24 லிஃப்ட் தடங்கள்தான் அனுமதி. காலையில் வேலைக்கு வரும் கூட்டம், மதியம் சாப்பிட இறங்கும் கூட்டம், இரண்டையும் அதற்குள் சமாளிக்க வேண்டும். விரைவு லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. மேலே 15, 30, 45 என்று பதினைந்து மாடிக்கு ஒன்றாக நாம் வைக்கும் இடைக்கூடங்களில்தான் நிற்கும். அங்கே இறங்கிச் சாதாரண லிஃப்டுக்கு மாற வேண்டும். இது கற்பனை இல்லை. நியூயார்க்கில் இருந்த உலக வர்த்தக மையக் கோபுரங்களில் 44ஆம், 78ஆம் மாடிகளில் இப்படித்தான் மாறினார்கள். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 43, 76, 123 ஆகிய மாடிகளில் இடைக்கூடங்கள் உண்டு. காரணம் எளிது. எல்லா லிஃப்டும் தரையிலிருந்து உச்சி வரை போனால், கீழ் மாடிகளில் லிஃப்ட் ஏறி இறங்கும் குழிகளே இடத்தை விழுங்கிவிடும். வாடகைக்கு விட என்ன மிஞ்சும்? இடைக்கூடம் இருந்தால் ஒரு லிஃப்டின் குழிக்கு நேர் மேலே இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். இதைப் பலகையில் படம் போட்டு விளக்குவது பெரும்பாடு. விளையாடுகிற பிள்ளைகளோ, முப்பதாவது மாடியில் ஆட்கள் சிவந்து நிற்பதைப் பார்த்துத் தாங்களே இடைக்கூடம் கட்டுகிறார்கள்.

எனக்கு மனத்தாங்கலும் உண்டு. ஒரே தடத்தில் எட்டுக் கூண்டுகள் வரை விடலாம் என்கிறது அந்த விளையாட்டு. விட்டால் அவை ஒன்றையொன்று ஊடுருவிக்கொண்டு போகின்றன! நிஜத்தில் ஒரே குழியில் இரண்டு கூண்டுகள் தனித்தனியே ஓடும் அமைப்பு வந்திருக்கிறது; ஆனால் மேலே இருப்பது மேலேயேதான், கீழே இருப்பது கீழேயேதான். சரி, அந்த எட்டுக் கூண்டுக் கதை போகட்டும். பராமரிப்புச் செலவென்று காலாண்டுதோறும் பணம் பிடிக்கிறார்களே, எதற்கு? தீ விபத்து உண்டு, வெடிகுண்டு மிரட்டல் உண்டு, துப்புரவு செய்யாத ஹோட்டல் அறையில் கரப்பான் பூச்சிகூட உண்டு. லிஃப்ட் மட்டும் ஒருநாளும் பழுதாகாது. கயிறு தேயாது, கதவு சிக்காது, சோதனைக்காக ஒரு மணி நேரம்கூட நிற்காது. என் போன்றவர்களுக்கு அந்த நூறு மாடியில் வேலையே இல்லை.

2016இல் வந்த 'புராஜெக்ட் ஹைரைஸ்' இந்த வகையில் ஒரு படி கீழிறங்கிப் பார்த்தது. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி இணைப்புகளை மாடி மாடியாக இழுத்துக் கொடுத்தால்தான் குடிவருகிறார்கள். சுவருக்குப் பின்னால் இருப்பதை ஆட்டக்காரருக்குக் காட்டிய அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். இனி இப்படிக் கட்டட விளையாட்டு செய்பவர்கள், காலை நெரிசலில் ஒரு லிஃப்டைப் பழுதாக்கி விடட்டும். மாற்று ஏற்பாடு வைக்காமல் கட்டியவர்கள் யாரென்று அப்போது தெரிந்துவிடும்.

உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது, கட்டடத்தின் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உச்சி மாடிக்காரர் தரையிலிருந்து தன் வாசலுக்குப் போக எத்தனை லிஃப்ட் மாறினார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லிஃப்ட் பராமரிப்பாளர் ஒருவர்