பழைய ராலி காரை பளபளன்னு ஆக்கிடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பழைய ராலி கார்களை (ரோட்டுல டைம் வெச்சு ஓட்டுற போட்டில ஓடின கார்கள்) ரெஸ்டோர் பண்றது, அதாவது பழுது பாத்து பழைய நிலைக்கு கொண்டு வர்றது பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா பெயிண்ட், குரோம், பளபளப்புன்னு அதையே பேசி முடிச்சிட்டாங்க. போட்டில ஓடின காருன்னா விஷயமே வேற, அதை சொல்லத்தான் எழுதுறேன்.

மினி கூப்பர் எஸ்ங்கற குட்டி பிரிட்டிஷ் காரையே எடுத்துக்கோங்க. 1964 மான்டே கார்லோ ராலியை பேடி ஹாப்கிர்க்கும், பக்கத்துல உக்காந்து வழி சொல்ற கோ-டிரைவர் ஹென்றி லிடனும் அதுல ஜெயிச்சாங்க, 33 இஜேபி நம்பர், சிவப்பு பாடி வெள்ளை கூரை, எஞ்சின் வெறும் 1071 சிசி. அடுத்த வருஷமும் மினில டிமோ மாக்கினென் ஜெயிச்சாரு. 1966ல முதல் மூணு இடமும் மினிக்குதான், ஆனா ஹெட்லைட் ரூல்படி இல்லேன்னு மூணையும் தூக்கிட்டு பாலி டோய்வோனெனோட சிட்ரோயனை வின்னர்னு அறிவிச்சாங்க. காரணம் சிங்கிள் ஃபிலமென்ட் அயோடின் பல்பு, அதுல டிம் கிடையாது, டிம்முக்கு ஃபாக் லேம்ப்பை எரிய விட்டாங்க. அந்த வண்டில ஒண்ணு கைக்கு வந்து, வெளிச்சம் நல்லா வரட்டுமேன்னு புது லைட்டும் புது வயரிங்கும் போட்டுட்டா அந்த சண்டைக்கு இருந்த சாட்சியே போச்சுல்ல?

கோ-டிரைவர் பக்கம் டேஷ்போர்டுல ஸ்க்ரூ ஓட்டைங்க இருக்கும், ஓடின தூரத்தை அளக்கற ஹால்டா ட்ரிப்மாஸ்டர் மீட்டரை மாட்டின இடம் அது. அடில சம்ப் கார்டுக்காக (எஞ்சின் அடிப்பக்கத்தை கல்லடிலருந்து காப்பாத்துற தகடு) வெல்டு வெச்ச பிராக்கெட், அதுல கல்லடி பட்ட நெளிசல், ஜாயின்ட் ஓரமெல்லாம் கூடுதல் வெல்டிங். டிங்கரிங் பண்றவங்க இதையெல்லாம் டேமேஜ்னு நெனச்சு பட்டி போட்டு மூடிடுறாங்க, மனசு வலிக்குது சார்.

துரு பிடிச்சு ஓட்டை விழுந்த தகட்டை வெட்டித்தான் ஆகணும், பிரேக் பைப், பெட்ரோல் லைன், சீட் பெல்ட் புதுசு போட்டே தீரணும், உயிர் விஷயம். மத்தபடி இருக்கறதை முடிஞ்சவரைக்கும் காப்பாத்து, செஞ்ச வேலையை எழுதி வைன்னு பழைய வண்டிகளுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவாவோட டுரின் சாசனமே சொல்லுது.

இன்னொண்ணு, அந்த காலத்து ஃபேக்டரி டீம்ங்க (கார் கம்பெனியோட சொந்த போட்டி டீம்) அடிபட்ட பாடியை தூக்கி போட்டுட்டு அதே நம்பர் பிளேட்டை வேற பாடில மாட்டி அடுத்த ராலிக்கு அனுப்புறது சகஜம். அதனால பிளேட்டை மட்டும் பாத்து இதுதான் ஜெயிச்ச வண்டின்னு சொல்லிட முடியாது, பழைய போட்டோவை வெச்சுகிட்டு லேம்ப் பிராக்கெட் எங்க இருக்கு, ஓட்டை எங்க இருக்குன்னு ஒவ்வொண்ணா ஒத்துப் பாக்கணும். அந்த ஓட்டையையே மூடிட்டா எதை வெச்சு பாக்கறது?

அடுத்த தடவை இப்படி ஒரு கார் பத்தி போடும்போது, எது பழசு எது புதுசுன்னு ஓனர்கிட்ட கேட்டு எழுதச் சொல்லுங்க, வேலை தொடங்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவையும் பக்கத்துலயே போடுங்க ஐயா.