குளிசையை நிறுத்தியவரை ஏசுமுன்

ஆசிரியருக்கு,

எங்கள் பக்கத்தில் மனநலக் கிளினிக்கிற்குப் போகிறவர் மருந்தை இடையில் விட்டுவிட்டால், "சொல்வழி கேட்கமாட்டான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். என் தம்பியை நானும் அப்படித்தான் ஏசினேன். அந்த நோவு இன்னும் ஆறாததால் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு முதலில் தந்தது ஹலோபெரிடோல் என்ற மனநோய்க் குளிசை. மூன்றாம் நாள் மாலை கழுத்து ஒருபக்கம் திருகிக்கொண்டது. கண்கள் மேலே செருகி நின்றன. அம்மா பேயென்று பயந்து வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். வைத்தியசாலையில் ஊசி போட்ட பிறகு கழுத்து நிமிர்ந்தது. அடுத்து வந்ததோ அதைவிடக் கொடியது: இருந்த இடத்தில் இருக்க முடியாத தவிப்பு. இரவிரவாக முற்றத்தில் நடந்தான். கடைசியில் குளிசைகளை அடுப்புக்குள் போட்டுவிட்டான். அதே குளிசையை அதே அளவில் எடுத்த பக்கத்து வளவு அண்ணாவுக்கு வாய் உலர்ந்ததைத் தவிர ஒன்றுமில்லை. "அவருக்கு இல்லாதது உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?" என்று தம்பியைக் கேட்டவள் நான்.

அந்தக் கேள்விக்கு விடை உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். இம்மருந்துகளைச் சிதைப்பவை பெரும்பாலும் கல்லீரலின் நொதியங்கள் (என்சைம்கள்). ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன், அமிட்ரிப்டிலின் ஆகிய மருந்துகளைச் சிதைப்பதில் சி.வை.பி. 2டி6 என்ற நொதியத்துக்குப் பங்குண்டு. அதை உண்டாக்கும் பரம்பரையலகு ஆளுக்காள் வேறுபடுகிறது. ஐரோப்பியர்களில் 100 பேருக்கு 5 முதல் 10 பேரிடம் அது வேலை செய்வதேயில்லை. தெற்காசியர்களிடம் இத்தொகை குறைவு. ஆனால் 2சி19 என்ற இன்னொரு நொதியம் மந்தமாக உள்ளவர்கள் ஐரோப்பியர்களைவிட எம்மிடையே அதிகம். நொதியம் மந்தமாக உள்ளவருக்கு மருந்து இரத்தத்தில் தேங்கும். சிலருக்கோ அந்த 2டி6 பரம்பரையலகே கூடுதல் பிரதிகளாக இருக்கும். வழமையான அளவு மருந்து அவர்களிடம் பயன் தருமுன் சிதைந்துவிடும். அவர்களையும் "குளிசை போடாமல் பொய் சொல்கிறார்" என்கிறோம்.

பிறப்பு மட்டுமே காரணமுமல்ல. மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவொக்ஸற்றின் என்ற மருந்து 2டி6 நொதியத்தை அடக்கிவிடும். பீடி, சுருட்டின் புகையோ ஒலன்சபின், குளோசபின் ஆகிய மனநோய் மருந்துகளை விரைவாகச் சிதைக்க வைக்கும். வைத்தியசாலை விடுதியில் பீடி இல்லாமல் இருக்கும்போது, அதே அளவு மருந்து உடலில் கூடிவிடும். எத்தனை பீடி என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தம்பிக்குப் பரம்பரையலகுப் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. அவனுக்கு நேர்ந்ததன் காரணம் இதுவே என்று நான் சாதிக்கவில்லை. கழுத்துத் திருகல் இளம் ஆண்களிடம் பொதுவாகவே அதிகம். ஆனால் ஒரு வைத்தியர் அவன் சொன்னதை இருந்து கேட்டார். மருந்தை மாற்றி, மிகக் குறைந்த அளவில் தொடங்கி, கிழமைக் கணக்கில் மெல்லக் கூட்டினார். சென்ற பெரும்போகத்தில் வவுனிக்குளத்தின் கீழுள்ள எங்கள் வயலை அவன்தான் விதைத்தான்.

பரிசோதனை வசதி வன்னிக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனையாம் நாள் என்ன நடந்தது என்பதைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிவிட வேண்டும். வைத்தியர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கொப்பிதான் எங்களுடன் வருகிறது. வீட்டார் தாமாகக் குளிசையை நிறுத்தவும் கூடாது. நிறுத்தியவரை ஏசவும் கூடாது. அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் உடனே அழைத்துச் சென்று, நடந்ததை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

ஓர் அக்கா,
மல்லாவி.