ஆண்டறிக்கை: ஞாயிற்றுக்கிழமை அச்சுப் பயிற்சி

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஆர்டர் வேலையை ஒதுக்கிவிட்டு, யாருக்கும் விற்காத அச்சு மட்டும் போட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். திருப்பூரில் டேபிள் பிரிண்டிங்கை (மேசையில் துணியை விரித்து, ஸ்கிரீன் வைத்துக் கையால் அச்சிடுவதை) நம்பிப் பிழைக்கும் நமக்கு அது லேசான முடிவு இல்லை. பார்ட்டி கொடுத்த டிசைனைப் பனியன் பனியனாக இறக்கியே பழகிய கைகள் நம்முடையவை. தீபாவளி நெருக்கடியிலும் அடைமழையிலும் நாம் ஒன்றுசேர முடியவில்லை. மற்ற மாதங்கள் தவறவில்லை.

காகித ஸ்டென்சிலில் ஆரம்பித்தோம். ஒளி பட்டால் இறுகும் எமல்ஷனை ஸ்கிரீனில் பூச வேண்டாம், அதை வெளிச்சத்தில் காட்டும் எக்ஸ்போசிங்கும் வேண்டாம். நியூஸ்பேப்பரைக் கையால் கிழித்து ஸ்கிரீனின் வலைத்துணியான மெஷ்ஷுக்கு அடியில் வைத்து, இங்க்கை வழித்துத் தள்ளும் ஸ்குவீஜியை ஒரு இழுப்பு இழுத்தால், இங்க்கின் ஈரமே காகிதத்தை ஒட்டிவிடும். போகப் போகக் காகிதம் ஊறி, ஓரம் குழைந்து, உருவமே மாறும். அப்புறம் ஒரே ஸ்கிரீனில் மூன்று நிறத்தை அருகருகே ஊற்றி இழுத்தோம். இழுக்க இழுக்க நிறங்கள் கலந்துகொண்டே போவதால் ஒரு துணி போல இன்னொன்று வராது. பிறகு எமல்ஷன் பூசிய ஸ்கிரீனை வெயிலில் எக்ஸ்போஸ் செய்யும்போது, மறைத்த அட்டையை நிமிடத்துக்கு ஒருமுறை நகர்த்தி, எந்தப் பட்டையில் மெல்லிய கோடும் திறந்து எமல்ஷனும் கரையாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டோம்.

ஆனால் இந்த ஆண்டின் பெரிய பாடம் கடுக்காயும் இரும்பும்தான். துணியில் இயற்கைச் சாயத்தால் ஓவியம் தீட்டும் கலம்காரிக்காரர்களின் கறுப்பை ஸ்கிரீனில் இறக்க முடியுமா என்று ஒரு அக்கா கேட்டார். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் மூன்று வாரம் ஊறவைத்தோம். வடிகட்டிய தண்ணீரில் புளியங்கொட்டை மாவைக் காய்ச்சிப் பசையாக்கினோம். சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள மெஷ்ஷில் அது நன்றாகவே இறங்கியது. கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த துணியில் பசை பட்டதும், தவிட்டு நிறத்தில் இருந்தது கண்ணெதிரே கறுத்தது. கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து நூலுக்குள்ளேயே உண்டாகும் கறுப்பு அது.

முதல் தடவை கோடுகள் கசிந்துவிட்டன. கடுக்காயோடு எருமைப்பாலும் கலந்து துணியை நனைப்பது கலம்காரி வழக்கம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாதாம். அடுத்த மாதம் அப்படியே செய்தோம், கோடு நின்றது. இரும்பு அதிகமானால் அந்த இடத்தில் துணி நாளடைவில் நைந்துவிடும் என்பதால், கறுப்பை அடர்த்தியாக நிரப்பாமல் கோடுகளாகவே வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம்.

துணியின் சாயத்தை வெளுக்கவைத்து உருவம் எடுக்கும் டிஸ்சார்ஜ் பிரிண்டை நான்தான் நிறுத்திவைத்தேன். சிலருக்கு வருத்தம். அந்த வேலையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ஆவி வரும். ஜன்னல் சரியாக இல்லாத நம் கூடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்கு மனமில்லை. வெளியேற்றும் ஃபேன் வாங்கப் பணம் ஒதுக்கும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன்.

ஸ்கிரீன் கழுவும் தண்ணீர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது இந்த ஊர் பட்ட பாடு நமக்குத் தெரியும். சாயக் கழிவுநீரால் கெட்ட நொய்யல் ஆற்றின் நிலையும் தெரியும். நம்முடையது சின்ன அளவுதான், இருந்தாலும் அதுவும் தண்ணீர்தானே. மிச்ச இங்க்கை வழித்து டப்பாவில் போட்டு, ஸ்கிரீனைத் துணியால் துடைத்த பிறகே கழுவுகிறோம். கழுவிய தண்ணீரை டிரம்மில் தெளியவிடுகிறோம். கசடை எங்கே ஒப்படைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடுக்காய் அச்சுத் துணிகள் பின்சுவரில் தொங்குகின்றன. தொட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்