கரண்ட் வந்தபோது

விரிஞ்சிபுரம்
சனிக்கிழமை இரவு

அன்புள்ள குப்பு,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா, இன்னும் தவழ்கிறாளா?

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ இரண்டு தடவை போன் போட்டும் எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. இங்கே ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, அதை மறைத்துவிட்டு உன்னிடம் வேறு கதை பேசவும் மனசு வரவில்லை. இனித் தள்ளிப்போட முடியாது. நேற்று காட்பாடியில், மைக்செட் என்று கூப்பிடுவோமே, அவன் எதிரே வந்தான். "உன் கூட்டாளி இன்னா பண்ணிகினு கீறான் தெரியுமா? பெல்ட் சாண்டர் வாங்கிகினு வந்துட்டான்பா. தாத்தா வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் அவனே தேய்க்கப் போறானாம்" என்று சொல்லிச் சிரித்தான். முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கை இது என்று அவனுக்குச் சிரிப்பு. எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. வீட்டுக்கு வந்ததும் பேப்பரை எடுத்துவிட்டேன்.

போன தை மாதம் என் பட்டறையில் நின்று, உப்புத்தாள் பெல்ட் சுழன்று மரத்தைத் தேய்க்கிற அந்த மிஷினை வாயைப் பிளந்து பார்த்தாயே, அன்றைக்கு அதைப் புகழ்ந்து தள்ளியது நான்தான். பெரிய ஆசாரி அரை நாள் இழைப்புளி தள்ளுகிற பலகையை இது அரை மணியில் முடித்துவிடும் என்றேன். அது உண்மை. ஆனால் அதை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படிக் கீழே வைக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லவே இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நீ வாங்கியிருக்கிறாய்.

ஆனி மாதத்தில் நடந்தது இது. கொசப்பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். பெயிண்டே படாத தேக்குக் கதவு ஒன்று, வெறும் எண்ணெய் பூசியே காலம் தள்ளியது, நல்ல விலைக்குக் கிடைத்தது. அதை இரண்டு முக்காலிமேல் படுக்கப் போட்டு நல்ல சொரசொரப்பான நாற்பது நம்பர் பெல்ட் மாட்டித் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் விரல் கடுக்கும் என்று பக்கத்திலேயே ஒரு லாக் பட்டன் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்திவிட்டால் விரலை எடுத்தாலும் மிஷின் ஓடும். நான் அதை அழுத்தியிருந்தேன். பத்தரை மணிவாக்கில் கரண்ட் போனது. மிஷின் நின்றது. அதை அப்படியே கதவின்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். லாக்கை எடுக்கவில்லை. பிளக்கையும் பிடுங்கவில்லை. என் கடைசித் தங்கை மகன், சின்னவன், கதவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து கீலில் இருந்த துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

டீ கைக்கு வரவில்லை, கடையில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அதைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடினேன்.

யாரும் பிடிக்காத பெல்ட் சாண்டர் சும்மா நின்ற இடத்தில் சுற்றாது குப்பு. அடியில் இருக்கிற பெல்ட் மரத்தைக் கவ்வித் தன்னைத்தானே முன்னால் இழுத்துக்கொண்டு போகும், புல்டோசர் மாதிரி. கதவின் நீளத்துக்கு ஓடி, தலைமாட்டில் இருந்து அவன் இடது கால்மேல் விழுந்திருக்கிறது. ஐந்து கிலோவுக்குமேல் எடை. என் மிஷினில் பெல்ட் நிமிஷத்துக்கு 500 மீட்டர் ஓடும். ஒரு நொடிக்கு எட்டு மீட்டர் உப்புத்தாள், அதுவும் நாற்பது நம்பர். நான் போவதற்குள் பக்கத்து வீட்டு அத்தை பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். முட்டிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் இல்லை.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆசுபத்திரியில் புண்ணுக்குள் இருந்த மரத்தூளையும் பொடிமணலையும் கழுவி எடுத்தபோது அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்து வாரம் கட்டு மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் நான்தான் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். என் தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனால் சாப்பாடு போடுவாள், தண்ணீர் வைப்பாள், உள்ளே போய்விடுவாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இப்போது நடக்கிறான். தழும்பு இருக்கும். இவ்வளவும் எழுதியது எதற்கென்றால், நீ அந்த மிஷினைத் தொடுவதற்குமுன் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

உங்கள் போளூரிலும் கரண்ட் போகும். போனதும் லாக்கை எடு, பிளக்கைப் பிடுங்கு, மற்றதெல்லாம் பிறகு. பெல்ட் மாற்றவோ, தூள் பையைக் காலிசெய்யவோ, யாரோ வாசலில் கூப்பிட்டார்கள் என்று எட்டிப் பார்க்கவோ போனாலும் அப்படித்தான். பிளக்கை மாட்டும் முன்னால் சுவிட்சை ஒருமுறை அழுத்தி விட்டுப் பார். அது வெளியே வந்தால்தான் லாக் இல்லை. வேலை முடிந்து சுவிட்சை விட்ட பிறகும் பெல்ட் கொஞ்சநேரம் ஓடும். அது முழுக்க நிற்கும்வரை கையிலேயே பிடித்திரு, பிறகு பக்கவாட்டில் சாய்த்து வை. லாக் பட்டனை நான் இப்போது தொடுவதே இல்லை. விரல் கடுத்தால் வேலையை நிறுத்திக்கொள்கிறேன்.

எட்டுமுழ வேட்டியும் தோளில் துண்டுமாக நீ அதைப் பிடித்து நிற்பதை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது. பேண்ட் போடு. சட்டையை உள்ளே விடு, கை பட்டனைப் போடு. மணிக்கட்டில் சுற்றியிருக்கிற கிரிவலக் கயிற்றைக் கழற்று, சாமி கோபித்துக்கொள்ளாது. துணி கிணி மாட்டினால் மிஷின் விடாமல் உள்ளே இழுக்கும், நீ சுவிட்சை விடுவதற்குள் கை போய்விடும். வயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டு பின்பக்கம் விடு, பெல்ட் பக்கமே வரக்கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக விட்டு ஓட்டாதே, முழுக்கப் பிரித்துப் போடு. சுருண்டிருந்தால் சூடேறி உருகும்.

பலகையை கிளாம்ப் போட்டு இறுக்கித்தான் தேய்க்க வேண்டும். "எம்மாம் பெரிய கதவு, அது எங்க நகரப் போகுது" என்று சொல்வாய், எனக்குத் தெரியும். நகரும். பெல்ட் மரத்தை உன் பக்கம் தள்ளும், சின்னத் துண்டாக இருந்தால் அப்படியே வயிற்றில் அடிக்கும். இரண்டு கையாலும் பிடி. காற்றிலேயே ஓடவிட்டுப் பிறகு மெல்ல மரத்தில் இறக்கு, எடுக்கும்போதும் ஓட்டத்திலேயே தூக்கு. அழுத்தவே வேண்டாம், அதன் எடையே போதும். ஒரே இடத்தில் மூச்சு விடுகிற நேரம் நிறுத்தினாலும் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை எடுக்கப் பலகை முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டி வரும். மரத்தின் ஓட்டத்தோடு போ, குறுக்கே போகாதே. உனக்கு நாற்பது நம்பர் வேண்டாம், எண்பதில் தொடங்கி நூற்றிருபதில் முடி. அதற்குமேல் வழவழப்பு வேண்டுமென்றால் கையால் உப்புத்தாள் போடு.

பழைய மரத்தில் ஆணி இருக்கும். பெரிய ஆசாரி காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பலகைமேல் நடத்திக்கொண்டு போவார், நினைவிருக்கிறதா? அப்போது சிரித்தோம். ஆணியில் பட்டால் பெல்ட் கிழிவது மட்டுமில்லை, பொறி பறக்கும். அந்தப் பொறி தூள் பைக்குள் போய் உட்கார்ந்தால் ராத்திரி புகையும். அதனால் பையைப் பாதி நிறைவதற்கு முன்பே காலிசெய், எந்த வேலையானாலும் முடிந்ததும் வெளியே கொண்டுபோய்க் கொட்டு. பழைய வார்னிஷ் தேய்த்த தூளை மூட்டையாக வீட்டுக்குள் வைக்கவே கூடாது, அது தானாகவே சூடேறிப் பற்றும்.

மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது. என்95 முகமூடி போடு. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995இலேயே சொல்லிவிட்டது, குறிப்பாக மூக்கிலும் அதை ஒட்டிய அறைகளிலும். கண்ணாடி போடு. காதுக்குப் பஞ்சு வைக்காதே, மருந்துக்கடையில் காது அடைப்பான் என்று கேட்டு வாங்கு.

இனி நான் எழுதப்போவதைத்தான் நீ இரண்டு தடவை படிக்க வேண்டும்.

உன் தாத்தா வீட்டுக் கதவு என் கண்ணிலேயே நிற்கிறது. மேலே பச்சை, பெயர்ந்த இடத்தில் நீலம், அதற்கும் கீழே காவி. எத்தனை பொங்கலுக்கு எத்தனை பூச்சு! நீயும் நானும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நகத்தால் பெயர்த்துக்கொண்டே பேசியிருக்கிறோம். அந்தக் கதவின்மேல் இந்த மிஷினை வைக்காதே குப்பு. பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் 2016இல்தான் விதி போட்டார்கள், 2017 நவம்பரில்தான் அது நடைமுறைக்கு வந்தது. உன் கதவில் இருப்பதெல்லாம் அதற்கு முன்னால் அடித்த பூச்சு. மரத்தோடு ஒட்டியிருக்கும்வரை அது சும்மா இருக்கும். பெல்ட் சாண்டர் அதை மாவாக அரைத்து வீடு முழுக்கத் தூவிவிடும். தூள் பை அந்த நுண்ணிய தூசியைப் பிடிக்காது. தரையில் படியும், பாயில் படியும், உன் சட்டையில் வரும். உன் பேத்தி அந்தத் தரையில் தவழ்ந்து அதே கையை வாயில் வைப்பாள்.

ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். கெட்டது கெட்டதுதான், மருந்து கொடுத்துத் திருப்ப முடியாது. இவ்வளவுவரை பரவாயில்லை என்று ஓர் அளவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னவன் கால் ஆறிவிட்டது. இது ஆறாது. எனக்கு இதில் விளையாட்டுப் பேச்சு வராது, நீயும் "போடா" என்று தள்ளிவிடாதே.

கதவைக் கீலிலிருந்து கழற்றி, உங்கள் நிலத்தில் மோட்டார் கொட்டகை பக்கம் எடுத்துக்கொண்டு போவோம். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, பெயிண்ட் ரிமூவர் தடவி, ரப்பர் கையுறை போட்டு, ஈரமாக இருக்கும்போதே தகட்டால் சுரண்டி எடுப்போம். தீ வைத்து உரிப்பது கூடாது, ஈயப் புகை நெஞ்சுக்குள் போகும். சுரண்டியதைத் தாளோடு சுருட்டிக் கட்டிவிட வேண்டும், வயலில் உதறக்கூடாது. அன்றைக்குப் போட்ட துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். குளித்த பிறகுதான் பேத்தியைத் தூக்கலாம். பூச்சு எல்லாம் போய் வெறும் மரம் தெரிந்தால் அப்புறம் மிஷினைப் பார்த்துக்கொள்ளலாம். ஜன்னல்களில் பெயிண்ட் பெயராமல் கெட்டியாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், மேலேயே புதுசு அடித்துவிடு.

பெல்ட் சேதி கொஞ்சம். உன்னுடையது மூன்று அங்குலம் என்றால் 75க்கு 533 மில்லிமீட்டர் பெல்ட்டாக இருக்கும், பெட்டியில் பார்த்து வாங்கு. பெல்ட்டின் உள்பக்கம் அம்புக்குறி இருக்கும், அது உருளை சுற்றுகிற திசையில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒட்டு பிரிந்து பட்டென்று அறுந்து அடிக்கும். போட்டபின் மிஷினைக் கவிழ்த்துப் பிடித்து ஒரு நொடி ஓட்டிப் பார். பெல்ட் ஓரமாக நகர்ந்தால் பக்கத்துத் திருகை மெல்லத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவா. பெல்ட்டை மடித்து வைக்காதே, பிவிசி குழாயில் தொங்கவிடு. மழைக்காலத்தில் ஈரம் பட்டால் ஒட்டு விட்டுவிடும். தேக்கு எண்ணெய் ஏறிப் பெல்ட் வழுக்கினால் தூக்கிப் போட்டுவிடாதே. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற மச்சான் எனக்குக் கிரேப் ரப்பர் துண்டு ஒன்று கொடுத்தான். ஓடுகிற பெல்ட்டில் அதை வைத்தால் அடைத்த தூளையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. ஒரு பெல்ட் மூன்று பெல்ட்டுக்கு உழைக்கிறது! உனக்கும் பாதி வெட்டி வைத்திருக்கிறேன். மோட்டார் ஓட்டையில் பெரிதாகப் பொறி பறந்தால் கார்பன் பிரஷ், அதுதான் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு, தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு மில்லிமீட்டருக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்தே மாற்று. காற்றுத் துளையில் சேர்கிற தூளை வாரம் ஒருமுறை ஊதிவிடு. அடித்தகட்டின் மேலிருக்கிற கறுப்புத் துணி கிழிந்தால் உடனே மாற்று, இல்லையென்றால் பெல்ட் சூடேறும்.

மிஷின்மேல் எனக்கு வெறுப்பு வந்துவிடவில்லை. அந்தக் கொசப்பேட்டைக் கதவை இத்தனை நாளும் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். போன வாரம் சின்னவனே வந்து சாக்கை எடுத்தான். "முடிச்சுடலாம் மாமா" என்றான். எண்பது நம்பர் போட்டு நாலு இழுப்பு இழுத்ததும் தேக்கு வாசனை பட்டறை முழுக்க நிறைந்தது. அந்த ரேகையைப் பார்த்து இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். முடிந்ததும் அவன் மேஜை ஓரத்தில், கண்ணுக்கு நேராக, ஓர் ஆணி அடித்தான். மிஷின் கையில் இல்லாதபோதெல்லாம் பிளக் அந்த ஆணியில்தான் தொங்க வேண்டும் என்றான். நீயும் ஒன்று அடித்து வை.

அடுத்த ஞாயிறு காலை வேலூர் கன்டோன்மென்ட்டில் ரயிலேறி வருகிறேன். 1989இல் ஜில்லாவைப் பிரித்து உன்னைத் திருவண்ணாமலைப் பக்கம் தள்ளினாலும் கண்ணமங்கலம், ஆரணி ரோடு, அப்புறம் நீதான். சின்னவனும் வருகிறேன் என்கிறான். கிளாம்ப், காந்தம், முகமூடி எல்லாம் என் பையில் இருக்கிறது. ரிமூவர் மட்டும் நீ வாங்கி வை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் இரண்டு கிலோ கொண்டுவருகிறேன், வீட்டம்மாவிடம் சொல்லிவிடு. அதுவரை அந்தப் பெட்டியைத் திறக்காதே.

உன்
மணி