பாகமும் பாகையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டப் பள்ளிச் சுவர்களில் தொங்கும் வரைபடங்களில் ஊர்ப்பெயர்கள் கடற்கரையோடு நின்றுவிடுகின்றன. எஸ்.பி. பட்டினம் முதல் ரோச்மா நகர் வரை அதற்கப்பால் ஒரே நீலம்தான். அந்த நீலத்துக்குள் வடகடல் (பாக் விரிகுடா) வேறு, தென்கடல் (மன்னார் வளைகுடா) வேறு. பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே, சேறு எங்கே, எத்தனை பாகம் (ஆழத்தை அளக்கும் அலகு) தண்ணீர் என்று மாணவர்களின் வீட்டிலேயே பேச்சு நடக்கிறது. வகுப்பறைக்குள் மட்டும் அது வருவதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கடல்தரவை எட்டாம் வகுப்பு முதலே கணக்கிலும் புவியியலிலும் சேர்க்கலாம். ஆனால் எச்சரிக்கையில்லாமல் சேர்த்தால் தவறான பாடமே மனத்தில் பதியும் என்பதால், செய்முறையையும் அதில் வழக்கமாக நேரும் பிழைகளையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இடக்குறிப்பு. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி வழக்கமாகப் பாகையும் நிமிடமும் நிமிடத்தின் தசமமும் காட்டும். கூகுள் வரைபடம் பாகையைத் தசமமாகக் காட்டும். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களைச் சொல்லி வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்பில் பாகை, நிமிடம், வினாடி வரும். மூன்றும் ஒரே இடத்தைச் சொல்லும் மூன்று எழுத்துமுறைகள். இதைக் கற்பிக்க நம் கடலிலேயே நல்ல கணக்கு இருக்கிறது. பாக் விரிகுடாவில் இந்திய, இலங்கைக் கடல் எல்லையை வகுத்த 1974 ஒப்பந்தம் ஆறு புள்ளிகளைத் தருகிறது. வடக்கிலிருந்து தெற்காக: 10 பாகை 05.0 நிமிடம் வடக்கு, 80 பாகை 03.0 நிமிடம் கிழக்கு. அடுத்து 9 பாகை 57.0, 79 பாகை 35.0; 9 பாகை 40.15, 79 பாகை 22.60; 9 பாகை 21.80, 79 பாகை 30.70; 9 பாகை 13.0, 79 பாகை 32.0; கடைசியாக ஆதாம் பாலத்தில் 9 பாகை 06.0, 79 பாகை 32.0. மன்னார் வளைகுடாவுக்கான கோடு 1976 ஒப்பந்தத்தில் தனியே இருக்கிறது. அந்த ஒப்பந்தங்கள் நியாயமா இல்லையா என்ற வாதம் வேறு. கோடு எங்கே ஓடுகிறது என்பது வெறும் கணக்கு.

மூன்றாம் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 40.15 நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 0.66917, ஆகவே 9.66917 பாகை. வகுக்காமல் 9.4015 என்று தட்டினால் புள்ளி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே இறங்கிவிடும். தீர்க்கக்கோட்டிலும் 79.37667க்குப் பதில் 79.2260 என்று அதே பிழையைச் செய்தால் மேற்கிலும் 16 கிலோமீட்டர் நகரும். பன்னாட்டு எல்லை பாம்பனுக்கு வடக்கே 13 கிலோமீட்டரில் வந்து நிற்கும்! இது பெரிய பிழை, கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழை ஒன்றும் உண்டு. 40.15 நிமிடத்தை 40 நிமிடம் 15 வினாடி என்று படிப்பதுதான் அது. 0.15 நிமிடம் என்பது 9 வினாடி. வித்தியாசம் 6 வினாடி, அதாவது 185 மீட்டர். எல்லையை ஒட்டித் தொழில் செய்கிறவர்களுக்கு அந்த 185 மீட்டர் சின்ன விஷயம் இல்லை.

விடையைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால், அது கச்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு கடல் மைல் தள்ளிச் செல்ல வேண்டும். தீவு கோட்டுக்கு மேற்கே விழுந்தால் எங்கோ வகுத்தல் தவறியிருக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் புள்ளிகளை அட்டவணையாக ஏற்றும்போது எக்ஸ் என்பது தீர்க்கக்கோடு, ஒய் என்பது அட்சக்கோடு. பேச்சில் நாம் அட்சத்தை முதலில் சொல்வதால் மாணவர்கள் மாற்றிப் போட்டுவிடுவார்கள். அப்போது நம் எல்லைப் புள்ளி நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்குப் பக்கத்தில், பனிக்கடலில் போய் உட்காரும். அதைத் திருத்தாமல் சற்று நேரம் அப்படியே விட்டு வைக்கலாம். வகுப்பு சிரித்துவிட்டுத் தானே காரணம் கண்டுபிடிக்கும்.

கூகுள் எர்த் புரோ வைத்திருந்தால் அமைப்புகளில் இடக்குறிப்பு வடிவத்தைப் பாகை, தசம நிமிடம் என்று மாற்றிவிடுங்கள். படகுக் கருவியில் தெரிவதும் திரையில் தெரிவதும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது ஆழம். மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் 1903இல் தொடங்கி வைத்த ஜெப்கோ திட்டம் உலகக் கடல்தளம் முழுவதையும் 15 வினாடிக் கட்டங்களாக இலவசமாகத் தருகிறது. அதன் தரவிறக்கப் பக்கத்தில் தெற்கு 8, வடக்கு 10, மேற்கு 78, கிழக்கு 80 என்று எல்லை கொடுத்து, ஜியோடிஃப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு பாகைக்கு 240 கட்டம் வீதம் 480க்கு 480, மொத்தம் 2,30,400 எண்கள். தரவுக் கோப்பு 1 எம்பிகூட வராது. ஒரு பென் டிரைவில் பள்ளி பள்ளியாகக் கொண்டு போகலாம், இணையம் இழுக்கும் நாளிலும் பாடம் நிற்காது. கியூஜிஐஎஸ்ஸில் திறந்து, இடமுறை இபிஎஸ்ஜி 4326 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் அட்ச, தீர்க்க முறை) என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ராஸ்டர் பட்டியலில் சம ஆழக்கோடு வரையும் கருவியை இயக்குங்கள். ஆழம் எதிர்மறை எண்ணாக வரும், அது பிழையல்ல. கோட்டு இடைவெளிதான் சிக்கல். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் அங்கே 5 மீட்டர் இடைவெளி வேண்டும். தென்கடலின் தெற்குப் பகுதி ஆயிரம் மீட்டரைத் தாண்டிப் போவதால் அங்கே 100 மீட்டர். ஒரே இடைவெளியில் இரண்டையும் வரைந்தால், ஒன்று வடகடல் வெறுமையாகக் கிடக்கும், இல்லையென்றால் தென்கடல் கறுத்துவிடும். ஆசைப்பட்டு 1 மீட்டர் இடைவெளி வைத்தால் நெளிநெளியாகக் கோடுகள் வரும். அவை கடல்தளத்தின் வடிவம் அல்ல, தரவின் இரைச்சல்.

இங்கே மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கட்டம் ஏறத்தாழ 460 மீட்டர் பக்கம் கொண்டது; பரப்பில் 21 ஹெக்டேர். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பெரியதான முயல்தீவே சுமார் 130 ஹெக்டேர்தான், அதாவது ஆறு கட்டம். சின்னத் தீவுகள் கட்டத்துக்குள் கரைந்து, தண்ணீராகவே தெரியும். "படத்தில் இல்லை, ஆகவே தீவு மூழ்கிவிட்டது" என்று ஒரு மாணவி எழுதினால் குற்றம் அவளுடையதல்ல. உண்மையில் கடலுக்குள் போன தீவும் இருக்கிறது: கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டி. மூழ்கிய தீவையும் கட்டம் விழுங்கிய தீவையும் பிரித்தறிய 10 மீட்டர் நுணுக்கமுள்ள சென்டினல்-2 படங்கள் உதவும். கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசம், ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒன்று. மேகமில்லாத நாளைத் தேட வேண்டும், அவ்வளவுதான். அரிச்சல்முனை மணல்திட்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதையும் இதிலேயே பார்க்கலாம்.

ஜெப்கோவோடு தரவின் மூலத்தைச் சொல்லும் இன்னொரு கோப்பும் கிடைக்கிறது. எங்களைக் கேட்டால் ஆழத்தைவிட இதுதான் பெரிய பாடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியெண்: 10 அல்லது 11 என்றால் கப்பலில் எதிரொலிக் கருவியால் அளந்தது, 40 என்றால் செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவை வைத்துக் கணித்தது. இந்தக் கணிப்பு ஆழ்கடலில் ஓரளவு பொருந்தும், ஆழம் குறைந்த கடலில் சறுக்கும். அரையடித் தண்ணீரும் ஆறடித் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். ஆதாம் பாலத்துத் திட்டுகள் மேல் அளவைக் கப்பல் போக முடியாது. அதனால்தான் 2024இல் இஸ்ரோ ஆய்வாளர்கள் வெளியிட்ட அந்தப் பகுதியின் ஆழப்படம், ஐசிசாட்-2 செயற்கைக்கோளின் லேசர் ஒளி தண்ணீரை ஊடுருவித் திரும்பியதை வைத்து உருவாக்கப்பட்டது. எந்த எண்ணையும் "யார், எதால் அளந்தது?" என்று கேட்கும் பழக்கம் பதினான்கு வயதில் வந்துவிட்டால் நல்லது.

குறுக்குவெட்டு வரைவதில் ஒரு பொறி இருக்கிறது. 79 பாகை 10 நிமிடத் தீர்க்கக்கோட்டில் 9 பாகை 50 நிமிடத்திலிருந்து மண்டபம் வழியாகத் தெற்கே 8 பாகை வரை ஒரு கோடு போட்டால், மென்பொருள் செங்குத்தான பாறை போன்ற சரிவைக் காட்டும். செங்குத்து அளவு பல மடங்கு பெருக்கப்பட்டிருப்பதே காரணம். 100 கிலோமீட்டருக்கு 1 மீட்டர் என்று உண்மை விகிதத்தில் தாளில் வரையச் சொல்லுங்கள். வடகடல் 61 சென்டிமீட்டர் நீளமும் 0.15 மில்லிமீட்டர் ஆழமும் ஆகும். பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம்.

மாலுமிகள் பயன்படுத்தும் உண்மையான கடல் வரைபடத்தைப் படிப்பது தனிக்கலை. இந்தியக் கடலுக்கானவற்றை டேராடூனில் உள்ள தேசிய நீரியல் அலுவலகம் வெளியிடுகிறது. அவை விலைக்குத்தான் கிடைக்கும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா தன் கடலுக்கான மின்னணு வரைபடங்களையும் குறியீட்டு விளக்க நூலையும் இலவசமாகத் தருகிறது. குறியீடுகள் உலகெங்கும் பெரும்பாலும் பொது என்பதால், பயிற்சிக்கு அது போதும். தளத்தின் தன்மை எழுத்தில் வரும்: எஸ் மணல், எம் சேறு, ஆர் பாறை, சிஓ பவளம். எண்ணுக்குக் கீழே கோடிட்டிருந்தால் அது ஆழமல்ல, வற்றுநீரில் வெளியே தெரியும் உயரம். சின்ன எழுத்தில் தொங்கும் எண் மீட்டர் படத்தில் தசமம். பழைய ஃபாதம் படத்தில் அது அடி. ஒரு ஃபாதம் 6 அடி, 1.83 மீட்டர். நம் கரையில் பாகம் என்று சொல்வதும் இரு கைகளையும் விரித்த அதே நீளம்தான். 5 பாகத்தை 5 மீட்டர் என்று படித்தால் நாலு மீட்டருக்கு மேல் தண்ணீர் காணாமல் போகும். பழைய படங்களை எவரெஸ்ட் ஆதாரத்தில் (பூமியின் வடிவத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து சற்று வேறாகக் கொள்ளும் பழைய அளவுமுறை) வரைந்திருப்பார்கள். ஜிபிஎஸ் புள்ளியை அப்படியே அதன்மேல் வைத்தால் நம் பகுதியில் இருநூறு மீட்டர் வரை விலகும். வரைபட ஆழம் தாழ்நீர் மட்டத்திலிருந்தும், ஜெப்கோ ஆழம் சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டியும் கணக்கிடப்படுவதால் இரண்டும் அச்சுப் பிசகாமல் பொருந்தாது. நம் ஓதம் (கடல்நீர் ஏற்ற இறக்கம்) ஒரு மீட்டருக்கும் உட்பட்டது என்பதால் வித்தியாசம் சிறிதுதான். ஆனால் மொத்தத் தண்ணீரே மூன்று மீட்டர் என்றால் அதுவும் பெரிது.

இன்காய்ஸ் மீன்வள அறிவிப்பைத் திசை, தூரப் பயிற்சிக்கு அப்படியே எடுக்கலாம். இறங்குதளத்தின் பெயர், திசைப் பாகை, கிலோமீட்டர், ஆழம், இடக்குறிப்பு எல்லாம் ஒரே வரியில் இருக்கும். முதல் மூன்றை வைத்துக் கடைசியைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் புது அறிவிப்பு வராது, மேகமூட்டத்திலும் வராது. ஆகவே பழைய அறிவிப்புகள் இருபதை முன்கூட்டியே சேமித்து வையுங்கள்.

வீட்டுப் படகின் எதிரொலிக் கருவி எண்களைக் கொண்டுவரச் சொன்னால் நாள், நேரம், இடம், ஆழம் என்ற நான்கோடு இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள்: கருவி அடியிலா, பாகத்திலா, மீட்டரிலா காட்டுகிறது, உணரி நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே பொருத்தப்பட்டிருக்கிறது. உணரி 60 சென்டிமீட்டர் கீழே இருந்தால் அதை எண்ணோடு கூட்ட வேண்டும். ஒரு வேண்டுகோள்: அந்தப் புள்ளிகளைப் பொதுத் தளம் எதிலும் ஏற்ற வேண்டாம். நல்ல பார் கிடக்கும் இடம் ஒரு குடும்பத்தின் சொத்து. அதோடு இது எல்லைக் கடல். ஆழ எண் வகுப்பறையிலேயே இருக்கட்டும்.

ஓப்பன்சீமேப் தன்னார்வலர்கள் நிரப்பும் படம். நம் கரையில் குறிகள் குறைவு. குறி இல்லாத இடம் தடையில்லாத இடம் என்று பொருளல்ல. கலங்கரை விளக்கக் குறிப்பில் எஃப்எல் 2, 10எஸ் போல வந்தால் பத்து விநாடிக்கு இரண்டு மின்னல் என்று பொருள். கரையில் நின்று கைக்கடிகாரத்தில் எண்ணிப் பார்க்கலாம். படத்தின் தேதியையும் பார்க்கப் பழக்குங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் தூக்குப்பாலம் எதில் இருக்கிறது, எதில் இன்னும் 1914ஆம் ஆண்டுப் பாலமே நிற்கிறது என்று தேடச் சொன்னால் அரைமணி நேரப் பாடம் தானாக நடக்கும். இவை எதுவும் கடலுக்குப் போக வழிகாட்டி அல்ல என்பதை முதல் பக்கத்திலேயே எழுத வைக்க வேண்டும்.

கேட்பது மூன்று. அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப் கணினிகளில் கியூஜிஐஎஸ் மென்பொருளையும் நம் கடலின் ஜெப்கோ கோப்பையும் இணையமின்றி இயங்கும்படி ஏற்றித் தர வேண்டும். பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா வரைபடங்களின் பழைய பதிப்பொன்றை "பயணத்துக்கு அல்ல" என்ற முத்திரையோடு தேசிய நீரியல் அலுவலகம் பள்ளிகளுக்கு வழங்க வேண்டும். மூன்றாவது தங்கள் நாளிதழுக்கு: கடலில் நடந்த சம்பவத்தின் இடக்குறிப்பை வெளியிடும்போது 9.40 என்று மட்டும் போடாமல், புள்ளிக்குப் பின்னால் இருப்பது பாகையின் தசமமா, நிமிடமா என்று ஒரு சொல் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கடலோரப் பள்ளிகளில் கணக்கும் புவியியலும் கற்பிப்போர்,
ராமநாதபுரம் மாவட்டம்